வயித்தடிச்சானுக்கு என் பெயர்

தை 20, செவ்வாய்

இந்த நோட்டு இன்பக்கனி மேடம் கொடுத்தது. பிளாஸ்டிக் அட்டை போட்டது, மழையில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. ஓடையில் தினமும் என்ன பார்த்தாலும் இதில் எழுதிவைக்கச் சொன்னார். எனக்கு எழுத்து வராது என்றேன். "நீங்க சொல்லுங்க ஐயா, யாராச்சும் எழுதட்டும்" என்றார். ஆகவே நான் சொல்கிறேன், என் வீட்டுக்காரி தவமணி எழுதுகிறாள். அறிவொளி வகுப்பில் படித்தவள். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவள்.

என் பெயர் ____________.

(நான் தவமணி. மேலே உள்ள இடத்தை நான் நிரப்ப மாட்டேன். ஐம்பத்திரண்டு வருசமாகப் புருசன் பெயரை வாயால் சொன்னதில்லை, கையால் மட்டும் சொல்லலாமா? அடைப்புக்குறிக்குள் இருப்பது எல்லாம் நானாக எழுதுவது. எழுதி முடித்ததும் திரும்பப் படித்துக் காட்டச் சொல்கிறார். ஒரு சொல் மாறினாலும் "நான் அப்படிச் சொல்லலையே" என்று பிடித்துவிடுகிறார். அதனால் அவர் சொன்னதை மாற்றுவதில்லை. அடைப்புக்குறியை மட்டும் மனதுக்குள் படித்துக்கொள்கிறேன்.)

ஊர் கருங்குளி. கொடைக்கானலைத் தாண்டி இன்னும் மேலே, பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். ஊருக்கு வரும் தண்ணீர்க் குழாய் பன்னிமூக்கு ஓடையில் தொடங்குகிறது. அங்கே ஒரு பாறை பன்றியின் மூக்குப்போலவே இருக்கும். குழாய் வாயில் அடைக்கும் சருகை எடுப்பது நாற்பத்தொரு வருடமாக என் வேலை. அந்த ஓடையில் எந்தக் கல்லுக்கு அடியில் எது இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேடம் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற டாக்டர். போன வாரம் ஒரு கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த பூச்சியைப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், பின்னால் இரண்டு வால். கல் ஈ என்று ஒரு கூட்டமாம். உலகத்தில் பல வகை இருக்கிறதாம், இந்த வகை மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லையாம்.

"இதுவா? இது வயித்தடிச்சான்ல" என்றேன்.

இறகு முளைத்ததும் ஆண்பூச்சி காய்ந்த குச்சியில் உட்கார்ந்து வயிற்றால் தட்டும், அதனால் அந்தப் பெயர். மேடத்துக்குக் கண் விரிந்துவிட்டது. இறகு முளைத்த ஆண் ஒன்று கிடைத்தால்தான் இது புது வகை என்று எழுதமுடியுமாம். எப்போது முளைக்கும் என்று கேட்டார்.

"மாசி பொறந்து முதல் பத்து நாளுக்குள்ள, பனி விட்டு வெயில் அடிச்ச மறுநாள் காலையில" என்றேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்றார். ஊருக்கு முதன்முதலில் கரண்டு வந்தது ஒரு மாசி மூன்றாம் தேதி, அன்றைக்குப் பல்பைச் சுற்றிப் பறந்தது. என் மச்சினன் ராசாங்கத்தின் கல்யாணம் மாசி ஆறு, புதன், அன்றைக்குப் பாயசத்தில் விழுந்தது. தாலுகா ஆபீசர் வழுக்கி ஓடையில் விழுந்தது மாசி ஒன்பது, அவர் மீசையில் ஒன்று இருந்தது. இந்த மலையில் குறிஞ்சி பூத்ததை ஆறு தடவை பார்த்தவன் நான்.

மேடம் சொன்னார்: "ஐயா, நீங்க ஒரு ஆண்பூச்சி புடிச்சுக் குடுத்தா, அதுக்கு உங்க பேரையே வைக்கிறேன். புத்தகத்துல வரும். உலகம் இருக்கிற வரைக்கும் அழியாது."

நான் என் பெயரை எழுத்தில் பார்த்ததே இல்லை. ரேஷன் கார்டில் இருக்கிறது என்பார்கள். அது அரிசிக்காக எழுதினது. கட்டினவளும் எழுதித் தரமாட்டாள். இந்த ஒரு காரியம் நடந்துவிட்டால் போதும்.

தை 22, வியாழன்

மேடம் இன்று கீழே போகிறார். மாசி பதினாலாம் தேதி திரும்ப வருவார். அரை லிட்டர் பாட்டிலில் ஸ்பிரிட்டும், பூச்சி போட்டுவைக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளும் கொடுத்தார். "குப்பியில கொஞ்சமா ஊத்தி, பூச்சியை அதுல போடணும். இது சாராயம் இல்ல, குடிச்சாக் கண்ணு போயிடும். அடுப்புப் பக்கமும் வைக்காதீங்க" என்றார். உள்ளறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

போகும்போது ஒரு விஷயம் சொன்னார். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பூச்சிக்கு முகம் முக்கியம் இல்லையாம். ஒரு வகையை இன்னொரு வகையிலிருந்து பிரித்துச் சொல்ல ஆணின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்களாம்.

"பின்பக்கம்னா?"

"அதான் ஐயா. அந்த இடம்."

"அதைப் பாத்து என்ன செய்வீங்க?"

"படம் வரைஞ்சு புத்தகத்துல போடுவோம்."

"அப்ப எம் பேரை எங்க போடுவீங்க?"

"அந்தப் படத்துக்கு நேரா மேல."

"படத்தைச் சின்னதாப் போட்டுருங்க மேடம்" என்றேன். நாற்பது மடங்கு பெரிதாகத்தான் போடவேண்டுமாம். அதுதான் முறையாம்.

(எழுதும்போது சிரிப்பை அடக்கியதில் பேனா இரண்டு முறை வழுக்கிவிட்டது. ஏன் வழுக்குகிறது என்று கேட்டார். குளிர் என்றேன்.)

தை 25, ஞாயிறு

பூண்டுக்காட்டில் களையெடுப்பு. தவமணி அரைமணி நேரம் குந்தியிருந்துவிட்டு எழ முடியாமல் வரப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கால். பதினோரு வருடமாக இந்தப் பாடுதான். அந்த வருடத்தோடு ஓடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள். ராத்திரி முழுக்கச் சிறுசு மாதிரி முனகுகிறாள்.

(அவர் சொன்னது "சிறுசு" அல்ல. வேறு சொல். அதில் அவர் பெயரில் பாதி இருக்கிறது, எழுத மாட்டேன். படித்துக் காட்டியதும், "நான் அப்படிச் சொல்லலையே" என்றார். "எல்லாம் ஒண்ணுதான், படுங்க" என்றேன்.

ஒன்று சொல்லவேண்டும். நர்சம்மா ஊசி போடுவதற்கு முன் கையில் ஸ்பிரிட்டைத் தடவுவார், ஜில்லென்று இருக்கும். ஊசிக்கே கேட்கிற மருந்து முழங்காலுக்குக் கேட்காதா? டிரம்முக்குப் பக்கத்தில் அரை லிட்டர் சும்மா இருக்கிறது. உள்ளங்கை அளவு எடுத்துத் தேய்த்தேன். சொர்க்கம்.)

தை 27, செவ்வாய்

பனி. பூச்சி இல்லை. கொள்ளு ரசம்.

(முழங்கால் தேவலை.)

தை 29, வியாழன்

பனி. பூச்சி இல்லை. ராசாங்கம் வந்தான். தவமணியின் தம்பி. ஊருக்குள் ஒரு பொருள் புதிதாக வந்தால் அதை அவன் மோந்து பார்த்தாகவேண்டும். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "மச்சான், இது ஒரு பூச்சிக்கு ரொம்ப அதிகம்" என்றான். பன்னிரண்டு வருடம் முன்னால் பழனிக்கு மாலை போட்டுக் குடியை விட்டவன். ஆனாலும் மூக்கு விடவில்லை.

(முழங்கால் ரொம்பத் தேவலை.)

மாசி 2, சனி

கிடைத்துவிட்டது!

நேற்று நல்ல வெயில். இன்று காலையில் போனபோதே ஓடையின் வாசம் மாறியிருந்தது. பாறைமேல் பூச்சிகள் உரித்துப்போட்ட சட்டைகள், நெல் உமிபோல. என் கண்ணுக்குச் சின்னது எதுவும் இப்போது சரியாகத் தெரிவதில்லை. ஆனால் வயித்தடிச்சானைக் கண்ணால் தேடக்கூடாது, விரலால் தேடவேண்டும். பட்டுப்போன குச்சியில் நாடி பார்ப்பதுபோல விரலை வைத்துக் காத்திருந்தேன். வந்தது. டக்... டக்... டக்... பிறகு மளமளவென்று ஒரு ஓட்டம். அது ஆண் கேட்கிற கேள்வி, "யாராச்சும் இருக்கீகளா?" பெண் இரண்டே தட்டில் பதில் சொல்லும். நான் நகத்தால் டக் டக் என்றேன். ஐயா நேராக என் நகத்திடம் வந்துவிட்டார். இப்படி என்னை நம்பி வந்து ஏமாந்த மாப்பிள்ளைகள் இந்த நாற்பத்தொரு வருடத்தில் நூற்றுக்கு மேல் இருக்கும்.

(மலைமேலே போய் இதுதான் செய்துகொண்டிருந்தாரா?)

ஸ்பிரிட்டில் போட்டாயிற்று. டீக்கடையில் சொல்லிவிட்டேன். கடைக்கார முத்தையா, "அப்ப இனிமே உம்ம பேரைச் சொன்னா நாலு காலு, ரெண்டு வாலா?" என்றான். ஆறு கால் என்று திருத்தினேன்.

மாசி 3, ஞாயிறு

சும்மா இருந்தேன். பெயர் புத்தகத்தில் ஏறப்போகிறவன் ஒரு நாள் சும்மா இருக்கலாம்.

(நான் சும்மா இல்லை. தலைக்கு ஊற்றிவிட்டு முழங்காலுக்குத் தேய்த்தேன். கண்ணாடி போடவில்லை. உள்ளங்கைக்கு அடியில் சீரகம் மாதிரி ஏதோ நெருடியது. நன்றாக நாலு தேய் தேய்த்துவிட்டு, தட்டிவிட்டேன். கோழி கொத்திக்கொண்டு போனது.)

மாசி 4, திங்கள்

இடி விழுந்தது. நேற்றுப் பெருமையில் நான் பூச்சியைப் போய்ப் பார்க்கவில்லை. இன்று காலை பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நாலு விரற்கடை குறைந்திருக்கிறது. பூச்சி இல்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பூச்சியைச் சின்னக் குப்பியில் போடவில்லை. விரல் விறைத்து அந்தக் குப்பியின் மூடியைத் திருக முடியவில்லை. இரண்டு குப்பி கையிலிருந்து விழுந்து உடைந்தது. அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்து பெரிய பாட்டிலிலேயே போட்டுவிட்டேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

(சீரகம்! முருகா!)

தவமணியைக் கூப்பிட்டேன், ஓடிவந்து பார்த்தாள். யாரும் தொடவில்லை என்றாள். சரி, இது ராசாங்கத்தின் வேலை. நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கேரட் கழுவிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, ஊது."

"என்னத்த மச்சான் ஊத?"

"வாயை. எம் பூச்சியைக் குடிச்சிருக்க நீ."

"யோவ் மச்சான்! அதைக் குடிச்சாக் கண்ணு போயிடும்னு அந்தம்மா சொன்னாங்கள்ல? எனக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு. இந்தா பாருங்க, அந்தா மேட்டுல போறது யாரு ஆடு? சடையன் ஆடு. காதுல வெட்டு. சொல்லிப்புட்டேன்ல?"

"ஆட்டைக் காட்டித் தப்பிக்காத."

"அங்க கொக்கு நிக்குது, ஒரு காலைத் தூக்கியிருக்கு. எந்தக் காலுன்னு சொல்லவா?"

பக்கத்து வீடுகளில் இருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். அவன் எதிர் மலையில் இருக்கிற கோயில் கொடியின் கிழிசல் வரைக்கும் சொன்னான். ஊரே கைதட்டியது. நான் விடவில்லை. பூச்சியோடு சேர்த்துக் குடித்த ஒரே மனுசன் இந்த மலையில் நீதான் என்று சத்தம்போட்டுவிட்டு வந்தேன்.

(என் தம்பி பாவம். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் இவர், "உலகம் இருக்கிற வரைக்கும்னு சொன்னாங்களே" என்று தன்னாலே சொல்லிக்கொண்டார். மூடிவிட்டேன். நான் தட்டிவிட்டது பூச்சியின் காலா வாலா என்றுகூடத் தெரியவில்லை. அந்தக் கோழியை மட்டும் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.)

மாசி 5, செவ்வாய்

மறுபடி பனி. பூச்சி இல்லை.

மாசி 6, புதன்

இன்னும் நாலு நாள்தான். காலையில் மூன்று பூச்சி பிடித்து வந்தேன். தவமணி கண்ணாடி போட்டுப் பார்த்தாள். ஒன்று பூண்டுத் தோல், ஒன்று பீடித் துண்டு. மூன்றாவது பூச்சிதான், ஆனால் எறும்பு. ஆண்பூச்சி தட்டுவது விரலில் தெரிகிறது, நான் திரும்பத் தட்டினால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. குளிரில் என் விரல் நடுங்கி இரண்டு தட்டு மூன்றாகிவிடுகிறது. மூன்று தட்டு என்றால் அதற்கு வேறு அர்த்தம் போலிருக்கிறது. கோபித்துக்கொண்டு போகிறது.

இன்று தவமணி குழாயடியிலிருந்து இரண்டு குடம் ஒரே நடையில் கொண்டுவந்தாள். இதையும் எழுது.

(பூச்சி நோட்டில் குடம் எதற்கு என்றேன். "பாத்தது எல்லாத்தையும் எழுதச் சொன்னாங்கள்ல, எழுது" என்றார்.)

மாசி 7, வியாழன்

தவமணி இன்று பரணில் ஏறி முறம் எடுத்தாள். ஏணி வைக்கவில்லை. எழுது.

(எழுதிவிட்டேன். எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.)

மாசி 8, வெள்ளி

ஓடைக்கு என்னோடு ஒரு நாள் வருகிறாயா என்று தவமணியிடம் கேட்டேன். என் கண்ணும் விரலும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்கின்றன, இனி ஒற்றையாளால் ஆகாது. ராசாங்கத்தைக் கூப்பிட முடியாது, அவன் என் பெயரைச் சொன்னாலே எதிரே தெரிகிற ஆடுகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறான்.

"ஏங்க, ஒன்றரை மைல் ஏத்தம். எனக்கு முழங்காலு..."

"முழங்காலுக்கு என்ன?"

"...ஒண்ணுமில்ல. வர்றேன்."

மாசி 10, ஞாயிறு

நேற்று வெயில் அடித்தது. இன்று கடைசி நாள். விடிந்து வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். தவமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். பாதி வழியில் நின்று, "என்ன, மூச்சு வாங்குதா?" என்று என்னைக் கேட்டாள். வாங்கவில்லை என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

பன்னிமூக்குப் பாறையைப் பதினோரு வருடம் கழித்துப் பார்த்தவள், "மூக்கு கொஞ்சம் தேஞ்சு போச்சே" என்றாள். அப்படி ஒன்றும் தேயவில்லை. அவளுக்கு எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லவேண்டும்.

பட்டுப்போன ஒரு மரம் ஓடைக்குக் குறுக்கே கிடக்கிறது. அதில் உட்கார்ந்து விரலை வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அவள் கொண்டுவந்த கேப்பை ரொட்டியை ஆளுக்குப் பாதி தின்றோம். வெயில் மரத்தில் விழுந்தது. டக்... டக்... டக்... ஓட்டம்.

நான் பதில் தட்டினேன். விரல் நடுங்கி மூன்றாகிவிட்டது. நின்றுவிட்டது. சற்று நேரத்தில் திரும்பக் கேட்டது. மறுபடி தட்டினேன், மறுபடி மூன்று. இனி ஒரு தடவை ஏமாந்தால் பறந்துவிடும்.

"நீ தட்டு" என்றேன். "நகத்தால, ரெண்டே ரெண்டு."

"களை புடுங்குற கையில நகம் ஏது?"

காலைப் பார்த்தேன். மெட்டி போட்ட கால் மரத்தின்மேல்தான் இருந்தது. "மெட்டியால தட்டு" என்றேன்.

"வெளையாடுறீங்களா?"

"தட்டு புள்ள! அது கேட்டுக்கிட்டே இருக்கு, பதில் சொல்லு!"

தட்டினாள். டக் டக். அத்தனை சுத்தமான பதிலை அந்தப் பூச்சி பிறந்ததிலிருந்து கேட்டிருக்காது. என் விரலுக்குக் கீழே மரம் சந்தோசத்தில் அதிர்ந்தது. மறுபடி கேட்டது, மறுபடி சொன்னாள். கேள்வி கிட்டே வந்துகொண்டே இருந்தது.

"தெரியுதா?" என்றேன்.

"தெரியுது... வருது... அய்யய்யோ, இறக்கையை முதுகுல மடிச்சு வச்சுக்கிட்டு வேட்டி கட்டின ஆளு மாதிரி வருதுங்க. ஏங்க, எங்காலு மேலயே ஏறுது!"

"அசையாத. குனிஞ்சு குப்பியைக் கவுத்து."

முழங்காலை முழுசாக மடக்கிக் குனிந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. குப்பியைக் கவிழ்த்தாள், அட்டையைச் சொருகினாள், நிமிர்ந்தாள். குப்பிக்குள் அது இன்னும் வயிற்றால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது. பதிலை எதிர்பார்த்துத்தான்.

"பாவமா இருக்குங்க. என்னை நம்பி வந்துச்சு" என்றாள்.

எனக்கும்தான் இருந்தது. "எம் பேரை வச்சுக்க சாமி. அதுக்குமேல எங்கிட்டத் தர ஒண்ணுமில்ல" என்று அதனிடம் சொல்லிவிட்டு ஸ்பிரிட்டை ஊற்றினேன். மூடியை அவள் திருகினாள்.

(இறங்கும்போது நடந்ததை எழுதவேண்டாம் என்றார். எழுதாமல் எப்படி?

பாதி வழியில் நின்று, "அந்த முதல் பூச்சி..." என்றேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"முழங்காலு."

"எப்பத் தெரியும்?"

"மாசி நாலு, திங்கக்கிழமை. பாட்டிலைப் பாத்துட்டு உன்னைக் கூப்பிட்டேன். நீ சுவத்தைப் புடிக்காம எந்திரிச்சு ஓடியாந்த. பதினோரு வருசத்துல நான் அதைப் பாத்ததில்ல. உம் பக்கத்துல வந்ததும் ஆஸ்பத்திரி வாசம்."

"அப்பறம் ஏன் எந்தம்பியை ஊர்கூடி அப்படிப் பேசுனீங்க?"

"பழி போட ஊருக்கு யாராச்சும் ஒரு ஆளு வேணும்ல? நீயா நிப்ப? அதுபோக, அவன் கல்யாணத்துல எனக்கு ரெண்டாம் பந்தியிலதான் எலை போட்டான். மாசி ஆறு, புதன்."

கண்ணில் தூசி. குப்பியை முந்தானையில் முடிந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.)

மாசி 14, வியாழன்

மேடம் வந்தார். குப்பியைப் பெரிதாக்கிக் காட்டுகிற கருவிக்கு அடியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ரொம்ப நேரம். என்னைவிடத் தவமணிதான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நகம் இல்லை, விரலைக் கடித்தாள்.

"ஐயா, அருமையான ஆண். புதுசுதான்! அந்த இடத்துல ஒரு கொக்கி, கொக்கியில மூணு முள்ளு. உலகத்துல எதுக்கும் இப்படி இல்ல!"

"மேடம், அதை மெதுவாச் சொல்லுங்க" என்றேன். முத்தையா வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

பிறகு இந்த நோட்டை வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்கத் தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, அடைப்புக்குறியைச் சத்தமாப் படிக்கலாமா?" என்றார்.

"எந்த அடைப்புக்குறி?" என்றேன் நான்.

எல்லாவற்றையும் படித்துவிட்டார். கோழி உட்பட. ராசாங்கமும் அங்கேதான் இருந்தான். அவன் எழுந்து வந்து என் முன்னால் நின்று, "மச்சான், ரெண்டாம் பந்தியா? ரெண்டாம் பந்தியிலதான் பாயசம் கெட்டியா இருந்துச்சு, தெரியுமா?" என்றான். அது உண்மைதான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

மேடம் மீதி ஸ்பிரிட்டை எடுத்துக்கொண்டார். முழங்காலுக்கு வேறு தைலம் அனுப்புவதாகச் சொன்னார். குப்பியில் ஒட்டியிருந்த சீட்டில் இடம், தேதி எல்லாம் தவமணி எழுதியிருந்தாள். பிடித்தவர் என்ற இடத்தில் "வீட்டுக்காரர்" என்று இருந்தது. மேடம் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் தன் கையால் என் பெயரையும் எழுதிக்கொண்டார். எந்த எழுத்து எது என்று எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை 11, வெள்ளி

புத்தகம் தபாலில் வந்துவிட்டது. எல்லாம் இங்கிலீசு. கூடவே மேடம் தமிழில் ஒரு கடிதம் வைத்திருந்தார். படம் உள்ளங்கை அளவு இருக்கிறது. நான் பயந்ததைவிடப் பெரிது. முத்தையா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முகம் களையா இருக்கு" என்றான். நான் திருத்தவில்லை.

பூச்சிக்குப் பெயர் இரண்டு பாகமாம். முன்னால் குடும்பப் பெயர், பின்னால் என் பெயர். கடிதத்தில் தமிழிலும் எழுதியிருப்பதாகத் தவமணி சொன்னாள். இன்னொன்றும் எழுதியிருக்கிறதாம்: "இதன் ஆண்பூச்சி, வெள்ளி மெட்டியால் இரண்டு முறை தட்டினால் தேடி வருகிறது." அதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

பெயரைப் படி என்றேன். மாட்டேன் என்றாள். எந்த இடத்தில் இருக்கிறது என்றாவது காட்டு என்றேன். விரலால் காட்டினாள். அந்த இடத்தில் என் விரலை வைத்துக்கொண்டேன்.

"இம்புட்டு நீளமா?" என்றேன்.

"ம். பூச்சியைவிட நீளம்" என்றாள்.

இன்றைக்கு இவ்வளவுதான். நான் குழாய் வாயில் சருகு எடுக்கப் போகிறேன். நோட்டில் இன்னும் ஒரு பக்கம் மீதி இருக்கிறது.

அதே நாள்

இதைத் தவமணி எழுதுகிறேன். அடைப்புக்குறி வேண்டாம்.

இவர் போனபிறகு யோசித்துப் பார்த்தேன். புத்தகத்தில் இருப்பது புருசன் பெயர் இல்லை. பூச்சியின் பெயர். பூச்சியின் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஆயுசு குறையாது. ஒரு பூச்சிப் பெயரை எழுதக்கூடாது என்று எந்தச் சாமியும் சொன்னதில்லை.

குழந்தைவேலு.

எழுதிவிட்டேன். வீடு இடியவில்லை. நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய், அங்கே விட்டிருந்த கோட்டின் மேலேயும் எழுதினேன். குழந்தைவேலு. இடம் சரியாக இருந்தது.

பிறகு மேட்டில் ஏறி நின்று, ஓடைப்பக்கம் பார்த்து, ஐம்பத்திரண்டு வருசம் சேர்த்து வைத்ததை எல்லாம் கத்தினேன்.

"ஏ குழந்தைவேலு! கல்லுக்கடியில இருந்தது போதும்! சோறு ஆறுது குழந்தைவேலு! நேத்துச் சொன்ன விறகு எங்க குழந்தைவேலு! வெளிய வா!"

பூண்டுக்காட்டில் குனிந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். நான் கூப்பிட்டது பூச்சியை.

வந்தது இவர்.